தாரா, பச்சை நம்பர் பிளேட்டா?

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். உனக்கு மஹிந்திராவின் தார் ராக்ஸ் ஜீப் மேல் ஆசை, பையனுக்குப் பச்சை நம்பர் பிளேட் மாட்டுகிற எலெக்ட்ரிக் கார் பிடிவாதம், வீடே இரண்டு கட்சியாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உசிலம்பட்டியில் மட்டுமில்லை, இங்கே மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகரிலும் வீட்டுக்கு வீடு இதே பஞ்சாயத்துதான்.

எலெக்ட்ரிக் கார் பார்க்க வருகிறவன் கேட்பது மூன்றே கேள்வி. ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும், பேட்டரி போனால் என்ன செலவு, விற்றால் என்ன கிடைக்கும். அதே ஆள் ஆசைப்பட்ட காரைப் பார்க்கப் போனால் கலர் கேட்பான், சன்ரூஃப் கேட்பான். லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டுதான் கொடுக்கும் என்றால் "அது கிடக்கட்டும்" என்பான். ஒரே கையில் இரண்டு தராசு. உன் கடிதத்திலும் அதுதான் தெரிகிறது: நீ மனதில் வைத்திருப்பது கொடைக்கானல் போகிற கார், ஓட்டப்போவது செக்கானூரணி வழியாக மதுரைக்கு வந்து போகிற கார். ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம் வருகிற பயணத்துக்காக வருஷம் முழுக்க டேங்க் நிரப்புவாய்.

கணக்கைப் பார். தினமும் போக வர 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள், இரண்டு மாதத்துக்கு 4,000 கிலோமீட்டர். தார் ராக்ஸ் பெட்ரோல் வண்டி 12 கொடுத்தால் 333 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 33,000. எலெக்ட்ரிக் காருக்குக் கிலோமீட்டருக்கு 130 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்), சார்ஜ் ஏறும்போது போகிற நஷ்டம் சேர்த்தால் தினம் 12 யூனிட், ஆக இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டு பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற நினைப்பிலேயே கணக்குப் போடுவார்கள். உன் வீடு ஏற்கெனவே 300 யூனிட் எடுத்தால், காரின் 600 அதன் தலையில் ஏறி உட்காரும். 500-ஐத் தாண்டியதும் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், கடைசி யூனிட்டுகள் பத்தைத் தொடும். அப்படியும் காருக்கு மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம்தான். கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும், கார் குடிக்கிற அளவு. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வரியும் பார்: 2025 செப்டம்பர் 22-லிருந்து ராக்ஸ் அளவு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், எலெக்ட்ரிக்குக்கு 5.

இன்னொன்று. பெட்ரோல் வண்டி நாலு வழிச் சாலையில் மைலேஜ் கொடுக்கும், கோரிப்பாளையம் நெரிசலில் நின்று நின்று குடிக்கும். எலெக்ட்ரிக் இதற்கு நேர்மாறு. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். 100 கிலோமீட்டர் வேகத்தில் விரட்டினால்தான் காற்றை எதிர்த்தே கரையும்.

வாங்குவதற்கு முன்னால் காரைப் பார்க்காதே, வீட்டு வயரிங்கைப் பார். உன்னுடையது பழைய வீடு. மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுக்கச் சொல். லோடு மீறினால் விழுகிற 20 ஆம்பியர் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் விழுகிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும். சாதாரண 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் அயர்ன் பாக்ஸுக்குச் சரி. நாலைந்து மணி நேரம் விடாமல் 14 ஆம்பியர் இழுத்தால் உள்ளே பித்தளை சூடேறி சாக்கெட் உருகும். இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடு. அப்புறம் எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் எர்த் குழி காய்ந்து போய், சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். கார் பழுது என்று ஷோரூமோடு சண்டைக்குப் போவார்கள். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். ஏ.சி.யும் மோட்டாரும் சேர்ந்து ஓடுகிற வீடு என்பதால் மின்வாரியத்தில் லோடைக் கூட்டி எழுதிக் கொடு.

சரி, உன் கொடைக்கானலுக்கு வருவோம். வத்தலக்குண்டிலிருந்து மேலே சுமார் 1,800 மீட்டர் ஏற்றம். ஆளோடு ஒன்றே முக்கால் டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே எட்டரை யூனிட், மோட்டார் நஷ்டத்தோடு பத்து. அதே தூரம் சமதளத்தில் ஓட ஆகிற 13 யூனிட்டையும் சேர்த்தால் போக மட்டும் 23. இறங்கும்போது ஐந்து ஆறு யூனிட் திரும்பும். 45 யூனிட் பேட்டரியில் போய் வந்துவிடலாம். ஆனால் மேலே லாட்ஜில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதே. பேட்டரியில் இடமில்லாவிட்டால் ரீஜென், அதாவது மின்சாரத்தைத் திருப்பி ஏற்றியே வேகத்தைக் குறைப்பது, பிடிக்காது, முதல் வளைவுகள் முழுக்க பிரேக் பேடிலேயே இறங்க வேண்டும். 80-லேயே நிறுத்து.

பையனிடமும் ஒன்று சொல். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பார்கள். உன் ஓட்டத்துக்கு வருஷம் 24,000. ஆறே முக்கால் வருஷத்தில் கிலோமீட்டர் முந்திக்கொள்ளும். தூரக் கட்டுப்பாடு இல்லாத உத்தரவாதம் இருக்கிற மாடலா என்று கேட்கட்டும். புகையே இல்லை என்று அவன் மார்தட்டுவதும் பாதி உண்மை. நம் கிரிட்டில் வருகிற மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம், யூனிட்டுக்கு 700 கிராம் கரியமில வாயு. உன் தினசரி ஓட்டத்துக்கு எட்டரை கிலோ; ராக்ஸ் பதினைந்து கிலோ. சோலார் போட்டால் அவன் பேச்சு உண்மைக்கு இன்னும் நெருங்கும்.

கௌரவம் பற்றி எழுதியிருந்தாயே, அதைத் தள்ளிவிட முடியாது. 2008-ல் டாடா நானோவை ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று காட்டினார்கள். விலை குறைந்ததென்ற பேரே அதற்கு வினையானது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் கார்களில் டொயோட்டா பிரியஸ் தனி உருவத்தோடு வந்தது, ஹைப்ரிட் என்று தெருவே பார்த்தது. சாதாரண சிவிக் உருவத்தில் வந்த ஹோண்டா ஹைப்ரிட் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இங்கே அந்த வேலையைப் பச்சை நம்பர் பிளேட் செய்கிறது. 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் காட்டிய பி.இ. 6 எலெக்ட்ரிக் காரைப் பார், தார் ஆசை பிடித்தவனுக்கும் அதைப் பார்த்தால் கழுத்து திரும்பும்.

தோட்டத்துக்குச் சேற்றுத் தடம், மழைக்கு நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்றால் அது வேறு. அப்போது தாரையே வாங்கு, கணக்கெல்லாம் பார்க்காதே. ஆனால் உன் தோட்டத்துக்குத் தார்ச்சாலை போட்டாகிவிட்டது என்று போன கடிதத்தில் நீயேதான் எழுதியிருந்தாய்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் வோல்ட் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று குடும்பத்தோடு வந்துவிடு. எந்தக் கார் வாங்கியிருந்தாலும் அன்றைக்கு ஊருக்குள் நடைதான்.

அன்புடன்,
உன் மச்சான்