முதியோர் காது கேளாமை: கருவி கொடுத்தால் மட்டும் போதாது

ஐயா,

சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் காலமெல்லாம் விசைத்தறி ஓட்டியவர்களில் பலருக்கு, 60 வயதைத் தாண்டியதும் காது மந்தமாகிவிடுகிறது, 'என்னங்க?' என்று திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டே அவர்கள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தி, வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவது மிகுந்த வேதனையளிக்கிறது. வயதானால் அப்படித்தான் என்று இதை விட்டுவிடக் கூடாது. 2023-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், பங்கேற்ற அனைவரிடமும் பலன் தெரியாவிட்டாலும், நினைவாற்றல் குறையும் ஆபத்து கூடுதலாக இருந்த முதியோரிடம், செவித்துணைக் கருவியும் ஆலோசனையும் 3 ஆண்டுகளில் அறிவாற்றல் சரிவை 48 சதவீதம் மட்டுப்படுத்தின. இங்கோ, முகாமில் வாங்கிய கருவி 'ஒரே இரைச்சலுங்க' என்று பீரோவில் கிடப்பதைக் காண்கிறேன். அவரவர் செவித்திறனுக்கேற்ப ஒலியளவைச் சரிசெய்து பழக்கப்படுத்த, இப்பகுதி அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது செவித்திறன் வல்லுநர் இருக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், சோமனூர்