மகரக்கட்டு உடைந்த பின்னும் உடன் நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

ஓவியனாக வேண்டும் என்று தவிக்கும் 14 வயதுச் சிறுவனைப் பற்றிய எங்கள் முதல் முழுநீளப் படம், ஒலிக்கலவை முடிந்து, திரையரங்கில் திரையிடுவதற்கான டிஜிட்டல் வடிவமான டிசிபி கோப்பாக இந்த வாரம் கைக்கு வந்தது. ஊதியம் கிடைக்காது என்று தெரிந்தே உழைத்தவர்களுக்குப் படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல் போதாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

பாதிப் படத்தில் பணம் தீர்ந்து, படப்பிடிப்பு 7 மாதங்கள் நின்றுபோனது. மீண்டும் கூடியபோது, நாயகனாக நடித்த தம்பிக்கு மகரக்கட்டு உடைந்து, முந்தைய காட்சிகளில் பேசிய குரலே அவனிடம் இல்லாமல் போயிருந்தது. டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த வசனங்களை இனி யாராலும் பேச முடியாது.

அப்போது படத்தைக் காப்பாற்றியவர் ஒலிப்பதிவாளர். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கேமராவை நிறுத்திவிட்டு, வசனங்களை மைக் அருகே இன்னொரு முறை பேசவைத்து, பின்னர் அனைவரையும் அசையாமல் நிற்கச்சொல்லி, அந்த அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவுசெய்வது அவர் வழக்கம். வெளிச்சம் மங்கும் அவசரத்தில் அதற்காக அவரைக் கடிந்துகொண்டிருக்கிறேன். மன்னிப்பை இங்கே எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிவுகளிலிருந்து சொல் சொல்லாக எடுத்து, உதட்டசைவுக்குப் பொருத்தி, தொலைந்த குரலை மீட்டுத் தந்தார். நின்றுபோன 7 மாதங்களைக் கதையில் ஒரு நீண்ட விடுமுறையாக மாற்றிக் காட்சிகளை வரிசைப்படுத்தியவர் படத்தொகுப்பாளர். இப்போது அவன் குரல் உடைவது படத்தின் மிக உண்மையான தருணமாக எனக்குத் தோன்றுகிறது.

ஜன்னல் வெளிச்சத்தையும் அதைத் திருப்பிவிடும் தெர்மாகோல் பலகைகளையும் மட்டுமே கொண்டு வீட்டுக் காட்சிகள் அனைத்தையும் எடுத்த ஒளிப்பதிவாளருக்கும், வீட்டைத் திறந்துவிட்ட குடும்பத்தாருக்கும், சிறுகச் சிறுகப் பணம் அனுப்பியவர்களுக்கும் என் நன்றி.

ஓவிய ஆசிரியைக்குத் தனியே சொல்ல வேண்டும். நெருக்கக் காட்சிகளில் தேர்ந்த ஓவியர் ஒருவரின் கையைக் காட்டிவிடலாம் என்றே திட்டமிட்டிருந்தோம். ஆசிரியை அதை மறுத்து, தம்பியுடன் மாலைதோறும் அமர்ந்து, அவன் கோடுகளைத் திருத்தாமல், அழிக்க ரப்பரும் தராமல் வரையவைத்தார். முதல் காட்சியின் கோணலான முகத்திலிருந்து கடைசிக் காட்சியில் அவன் வரையும் தாயின் கைகள் வரை, திரையில் தெரியும் ஒவ்வொரு கோடும் அவனுடையதே. தேர்வு நாட்களிலும் அவனை அழைத்துவந்து, படப்பிடிப்பு ஓய்ந்த வேளைகளில் பாடமும் சொல்லிக்கொடுத்த அவன் அம்மாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

படத்துக்காக அவன் வரைந்த 43 ஓவியங்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. முதல் திரையிடல் முடிந்த மறுநாள் அவற்றை அவனிடமே ஒப்படைக்கிறேன்.

நன்றியுடன்,
இயக்குநர்