நேர்காணலை அருகிலிருந்து கற்றுக்கொடுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மனநலப் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்விரு மாவட்டங்களிலும் மனநல சமூகப் பணியாளராக இருந்துவரும் நான், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் தரப்படும் பயிற்சி குறித்து ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். பயிற்சி நடக்காமல் இல்லை. அரங்கில், திரையில், மதிய உணவுக்கு முன் மனச்சோர்வும் பின் மனச்சிதைவுமாக நடக்கத்தான் செய்கிறது. நேர்காணலை, அதாவது நோயாளியின் எதிரே உட்கார்ந்து எப்படிக் கேட்பது என்பதைத்தான், நான் கலந்துகொண்ட எந்தப் பயிற்சியிலும் யாரும் செய்து காட்டவில்லை; எங்களைச் செய்யச் சொல்லிப் பார்க்கவுமில்லை.

சென்ற ஆண்டு பென்னாகரம் பக்கத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். வயிற்றில் பந்து உருளுகிறது, கை கால் எரிகிறது என்று சொல்லி மூன்று இடங்களில் எடுத்த ஸ்கேன் அறிக்கைகள் அவருடைய மஞ்சள் பையில் இருந்தன. பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் அந்த அம்மா. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. பக்கத்தில் இருந்த மூத்த மருத்துவர், "இப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டுறது யாருங்கம்மா?" என்றார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "மருமவதாங்க. எனக்கு எந்திரிக்கவே தோணல. மூணு மணிக்கே முழிப்பு வந்துருது, விடியற வரைக்கும் கூரையப் பாத்துட்டுக் கெடப்பேன்" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆர்வமிழப்பு, விடியலுக்கு முந்தைய விழிப்பு, அன்றாட வேலை நின்றுபோனது ஆகிய மூன்றும் மாட்டைப் பற்றிய அந்த ஒரு கேள்வியில் வெளிவந்தன. தைராய்டு குறைந்தாலும் வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே தோற்றம் வரலாம் என்பதால், மூத்தவர் அவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிவிட்டே அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்க முகாம்களில் நாங்கள் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இவரை உட்காரவைத்து விரிவாக விசாரி என்று பொருள். அந்த எண்ணையே நோயின் பெயராக எழுதி மாத்திரை கொடுத்தனுப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கும் அப்படித்தான் நடந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், படுக்கையை விட்டு எழாமல் கிடந்தான் என்று ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு வாரம் ஏறக்குறைய தூங்காமலே உற்சாகமாகத் திரிந்து, சேமிப்பையெல்லாம் ஒரு புல்லட்டுக்கு முன்பணமாகக் கட்டியவன் அவன். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அக்காவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அவனைப் பிடித்து நிறுத்த நான்கு பேர் தேவைப்பட்டார்கள். மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறில் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் இப்படி ஆகக்கூடும் என்பது பாடநூலில் உள்ளதுதான். கூட்டம் வாசல்வரை நின்ற அன்று அந்த மருத்துவருக்கு அந்தக் கேள்வி நாக்கில் வரவில்லை. பழக்கத்தில் ஏறாத கேள்வி அவசரத்தில் வராது.

நோய்க்கணிப்பில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருவது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. 1960-களின் இறுதியில் அமெரிக்க, பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களுக்கு ஒரே நேர்காணல் பதிவுகளைப் போட்டுக் காட்டியபோது, அமெரிக்கர்கள் மிக அதிகமாக மனச்சிதைவு என்று எழுதினார்கள். கேள்விகளை முன்கூட்டியே வரையறுத்த நேர்காணல் முறையைக் கொண்டு நியூயார்க், லண்டன் நோயாளிகளை ஆராய்ந்தபோது, இரு நகரங்களுக்கும் இடையே முன்பு தெரிந்த வேறுபாடு பெருமளவு குறைந்தது. நான் கேட்பதும் அதுதான். பயிற்சி பெறுவோர் இருவர் ஒரே நோயாளியின் நேர்காணலை அவருடைய சம்மதத்துடன் பார்க்கட்டும், தனித்தனியே எழுதட்டும், எங்கே மாறுபட்டார்கள் என்று மூத்தவர் முன்னிலையில் பேசட்டும். இதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். 2008 முதல் தருமபுரியிலும் 2022 முதல் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தம் நோயாளிகளைப் பார்க்கும்போதே மனநல மருத்துவர் காணொலியில் உடனிருந்து கற்றுத்தரும் முறையை, ஓசூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள பெங்களூரு நிமான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) நடத்திக் காட்டியிருக்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 3-ஆம் பிரிவு, ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. முன்பு சிகிச்சை பெற்றவர் என்பது மட்டுமே இன்றைய தீர்மானத்துக்குப் போதாது என்றும் சொல்கிறது. பழைய சீட்டைப் பார்த்து அப்படியே புதுச் சீட்டில் இறக்கி எழுதும் வழக்கம் இதற்கு நேர் எதிரானது என்பதையும் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளிப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் மட்டுமே சரளமாகப் பேசும் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் கணவர்தான் மொழிபெயர்க்கிறார். வீட்டில் அடி விழுகிறதா, சாகத் தோன்றுகிறதா என்ற கேள்விகளை அந்தக் கணவர் வழியாகக் கேட்டு, அவர் சொன்ன பதிலை அந்தப் பெண்ணின் பதிலாகப் பதிவு செய்கிறோம். அறையில் யாரை இருத்துவது, யாரை எப்போது மரியாதையாக வெளியே அனுப்புவது என்பதும் நேர்காணல் பயிற்சிதான். எங்களுக்கு அதை எவரும் சொல்லித்தரவில்லை.

எனவே, அடுத்த பயிற்சிக் காலம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் மூத்தவர் உடனிருக்கக் குறைந்தது பத்து நேர்காணல்களாவது நடத்தியாக வேண்டும் என்று ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றால், இப்போதிருக்கும் படிவத்தில் இந்த வாரமே ஒரு வரியையாவது சேர்த்துவிடுங்கள்: மொழிபெயர்த்தவர் யார், அவர் நோயாளிக்கு என்ன உறவு.

இப்படிக்கு,
மனநல சமூகப் பணியாளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.