கொலம்பியா அணியைக் கலைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுத் துணுக்குகளில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி 1980களில் தொடர்ச்சியாக 44 ஆட்டங்களில் தோற்ற கதையை நான்கு வரிகளில் போட்டிருந்தீர்கள். 'வெறுத்துப்போன நிர்வாகம் கடைசியில் அணியையே கலைத்துவிட்டது' என்பது நான்காவது வரி. அது தவறு. அணியை யாரும் கலைக்கவில்லை, இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. துணுக்குக்கு ஒரு முத்தாய்ப்பு வேண்டுமென்று யாரோ கைச்சரக்கைச் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த வருடங்களில் நான் அங்கே முதுகலை மாணவன். ஆட்டத்தின் விதிகள் எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் பாதிதான் புரிகிறது. கணக்கு மட்டும் மறக்கவில்லை. ஒரு சீசனுக்கு ஒன்பது அல்லது பத்து ஆட்டங்கள், வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை மட்டும். தோற்றால் அந்த வாரம் முழுவதும் அந்தத் தோல்வியோடுதான் குடித்தனம். 1983 அக்டோபரில் யேல் அணியை வென்றதுதான் கடைசி. அந்த ஆண்டு முடிவில் இரண்டு தோல்வி. 1984-இல் ஒன்பதுக்கு ஒன்பது. 1985, 1986, 1987 மூன்று ஆண்டுகளும் பத்துக்குப் பத்து. 1988-இல் முதல் மூன்று. கூட்டினால் 44 வரும். 1984-இல் புதிதாகக் கட்டித் திறந்த மைதானத்தில் சொந்த அணி ஒருமுறை வெல்லவே நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டங்களில் தோற்றிருந்தது. 1987 அக்டோபரில் பிரின்ஸ்டனிடம் தோற்று கொலம்பியா அதையும் தாண்டியது.

ஏன் தோற்றார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கொலம்பியா, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடும் ஐவி லீக்கில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மற்ற ஏழு பேருக்கும் அதே விதிதான். ஆனால் கொலம்பியாவின் மைதானம் வளாகத்திலிருந்து நூறு தெருக்கள் தாண்டி, மன்ஹாட்டன் தீவின் வடக்கு முனையில் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பையன்கள் பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புவார்கள். மறுநாள் காலை வேதியியல் வகுப்பு இருக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். மாலை நேரங்களில் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் எனக்கு வேலை. ஞாயிறுதோறும் ஒரு பையன் வந்து எனக்கு நேர் எதிரே உட்காருவான். கதவு அகலத் தோள்கள். முழங்காலில் பனிக்கட்டிப் பையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பான். அது உருகி நாற்காலிக்கடியில் சொட்டும். கரிம வேதியியல் நோட்டில் அறுகோணம் அறுகோணமாக வரைந்துகொண்டிருப்பான். கிளம்பும்போது தரையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் போவான். ஒருநாள், 'தோற்போம் என்று தெரிந்தும் எப்படிப் போய் ஆடுகிறாய்?' என்று கேட்டுவிட்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்து, 'தெரியாதே' என்றான்.

1985, 1986, 1987. அவன் ஆடியவை அந்த மூன்று சீசன்கள். முப்பது ஆட்டம், முப்பது தோல்வி. 1988 மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்கு மருத்துவம் படிக்கப் போனான்.

சிரிக்க ஏதாவது வேண்டுமென்றால் துணுக்கு எழுதியவர் ஜிம் காரெட்டின் கதையை எடுத்திருக்கலாம். 1985-இல் பயிற்சியாளராக வந்தவர் அவர். முதல் ஆட்டத்தில் ஹார்வர்டுக்கு எதிராக 17-0 என்று முன்னிலை. கடைசியில் 49-17 என்று தோல்வி. ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன்னிலையில், தன் ஆட்டக்காரர்களைப் போதைக்கு அடிமையானவர்களோடு ஒப்பிட்டு, தோல்விக்கு அடிமைப்பட்டவர்கள் என்கிற பொருளில் திட்டித் தீர்த்தார். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களை! அந்தச் சீசனோடு அவர் விலகினார். கொலம்பியாவில் இருந்த அவருடைய மூன்று மகன்களும் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார்கள்.

1988 அக்டோபர் 8. பழைய மாணவர்கள் ஊர் திரும்பிக் கூடும் நாள். எதிரணி அதே பிரின்ஸ்டன். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தியவர் காரெட்டின் மகன் ஜேசன். (பின்னாளில் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளரானாரே, அவரேதான்.) பின்தங்கியிருந்த கொலம்பியா, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு கஜ தூரத்திலிருந்து பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தது. முடிவு 16-13. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிக் கோல் கம்பங்களைச் சாய்த்துவிட்டது.

நான் அங்கே இல்லை. முந்தைய ஆண்டு ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போய், குளிர் தாங்காமல் பாதியில் எழுந்து வந்தவன் நான். அன்றைக்கும் நூலக மேசையில்தான் இருந்தேன். யாரோ ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தினான். வழக்கமாக 'உஷ்' என்று அதட்டும் மூத்த நூலகர் அம்மாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எத்தனைக்கு எத்தனை என்று விசாரித்தார்.

ஆறு மணி வாக்கில் மேசைத் தொலைபேசி ஒலித்தது. அந்தப் பையன்தான். கைக்குக் கிடைத்த நூலக எண்ணுக்கு அடித்திருக்கிறான். 'உண்மையா?' என்றான். 'பதினாறு, பதின்மூன்று' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்றான். சொன்னேன். கடைசியில் பந்தைக் கொண்டுசென்றது யார், தடுப்பு வரிசையில் இடதுபக்கம் யார் யார் நின்றார்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றுதான் பாதியில் எழுந்து வந்ததற்காக முதன்முறை வெட்கப்பட்டேன்.

அதன்பின் எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. அந்தச் சீசனே 2 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது. 2013, 2014 ஆண்டுகளில் மீண்டும் பத்துக்குப் பத்து தோல்வி. 44 என்ற எண்ணும் இப்போது உச்சம் அல்ல. டெக்சஸின் பிரெய்ரி வியூ அணி 1989-க்கும் 1998-க்கும் இடையில் தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோற்றது. 2024 நவம்பரில் கொலம்பியா கார்னெலை 17-9 என வென்று, ஹார்வர்டு, டார்ட்மவுத் அணிகளோடு லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அதற்கு முன் பட்டம் வந்தது 1961-இல்.

திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். நான்காவது வரியை மட்டும் மாற்றினால் போதும். 44 சரியான எண்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்ஸி