காலையில் முக்குளிப்பு, மாலையில் பொன்முடி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்திலிருந்து கோவளம் போய் காலையில் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு) முக்குளித்துவிட்டு, அன்றே பொன்முடி மலை ஏறத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வரிசை ஆபத்தானது. முதல் நாள் மலை, மறுநாள் கடல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கடலில் 10 மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலேயுள்ள காற்றின் ஒன்றையும் சேர்த்தால் 18 மீட்டரில் மொத்தம் 2.8. சிலிண்டர் காற்றை, வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டர் கருவி அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குத் தரும். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆக்சிஜனை உடல் செலவழித்துவிடும். நைட்ரஜன் செலவாகாமல் கரைந்து சேர்ந்துகொண்டே இருக்கும். இரத்தத்திலும் மூளையிலும் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். கொழுப்பிலும் மூட்டுகளிலும் நிறைய மணிக்கணக்காகும், வெளியேறவும் அப்படியே. வெளியேறுவதற்குள் சுற்றிலும் அழுத்தம் சட்டெனக் குறைந்தால், கரைந்திருந்தது உடலுக்குள்ளேயே குமிழாகிவிடும்.

அதனால்தான் ஆழத்துக்கு ஏற்ற நிமிடக் கணக்கு. பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி முதல் முக்குளிப்புக்கு 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20, 40 மீட்டரில் வெறும் 9. இது இறங்கத் தொடங்கியதிலிருந்து மேலேறத் தொடங்கும் வரையுள்ள நேரம். இதைத் தாண்டினால் வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். தாண்டாவிட்டாலும் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது நல்லது. அன்றே இரண்டாவது முறை இறங்கினால் பழைய நைட்ரஜன் பாக்கி இருக்கும், எல்லை சுருங்கும். நண்பரின் டைவ் கம்ப்யூட்டரை (ஆழத்தையும் நேரத்தையும் வைத்து எல்லையைக் கணக்கிடும் கருவி) நம்பி இறங்காதீர்கள். அது அவர் உடலின் கணக்கு.

"விழிஞ்ஞத்திலும் இனயத்திலும் சிப்பி எடுக்கிறவர்கள் தினமும் முங்குகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மேலே இழுத்த ஒரு மூச்சோடு இறங்குகிறவர்கள், உள்ளே சேரும் நைட்ரஜன் மிகக் குறைவு. ஆழமாக, ஓய்வில்லாமல் பலமுறை முங்கினால் அவர்களுக்கும் ஆபத்து உண்டு.

பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 12 விழுக்காடு குறைவு. கரையில் சும்மா இருந்திருந்தால் மூச்சோடு வெளியேறியிருக்கும் நைட்ரஜன், மலையில் குமிழாகலாம். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறையோ பல நாளோ இறங்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுத்த பிறகே 600 மீட்டருக்கு மேல் போகலாம். டிகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே சொன்னபடி வழியில் நின்று நின்று ஏறுவது) தேவைப்பட்டிருந்தால் இதையும்விட அதிகம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதற்கும் இதுவே விதி.

குமிழ் உண்டாகிவிட்டால் வரும் தோள், முழங்கை, முழங்காலில் வலி, தோலில் அரிப்பு, கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தெரியும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதில்தான் நேரம் வீணாகிறது. படுக்க வைத்து, 100 விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எப்போது ஏறினார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முக்கிய சிகிச்சை அழுத்த அறையில் (உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் அறை) ஆக்சிஜன் கொடுப்பது.

படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேளுங்கள். முக்குளிப்பு நடத்துகிறவர்களும் காத்திருப்பு நேரத்தை முன்பதிவுச் சீட்டிலேயே தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
முக்குளிப்புப் பயிற்றுநர் ஒருவர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்