டிஸ்க்கை மாற்றும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இதைப் போனில் சொன்னால் ‘சரி அப்பா, சரி அப்பா’ என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய். எழுத்தில் இருந்தால் மெக்கானிக் முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். அம்மா நேற்று திருவலிதாயம் கோயிலுக்குப் போய் உங்கள் பெயர்களோடு வண்டிக்கும் சேர்த்து அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அது அவள் பங்கு. இது என் பங்கு.

நீ சொன்னதை எனக்குப் புரிந்தபடி திருப்பிச் சொல்கிறேன். போன முறை இங்கிருந்து ஓசூருக்குத் திரும்பும்போது, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருட்டில் கிடந்த ஒரு கல்லின் மேல் இடது முன்சக்கரம் ஏறி இறங்கியது. (பழுதாகி நிற்கும் லாரிக்கு முட்டுக் கொடுத்த கல்லை, புறப்படும்போது அப்படியே சாலையில் விட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது? பெங்களூரு நெடுஞ்சாலையில் இது தீராத வியாதி.) வாலாஜாபேட்டை பக்கம் ஒரு பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக வண்டி ஒழுங்காக ஓடியது. இப்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, காலை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. ஓசூரில் பார்த்தவர்கள் ‘பிரேக் டிஸ்க் வளைந்துவிட்டது, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்’ என்றார்கள். மாப்பிள்ளையும் மாற்றிவிடலாம் என்கிறார்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மாப்பிள்ளையிடம் நான் இவ்வளவு கறாராகச் சொன்னதாகச் சொல்லாதே.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, வார்ப்பிரும்பில் செய்வது. நேராக அடி விழுந்தால் விரிசல் விடும், மூளி விழும், தகரம் போல வளைந்து கொடுக்காது. அதோடு, அது ரிம்முக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. கல்லின் அடியை வாங்கியவை டயர், ரிம், ஹப், பேரிங், சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் ஆகியவைதான். இவற்றில், சக்கரமும் டிஸ்க்கும் பூட்டப்படும் நடுப்பாகமான ஹப் மேல்தான் எனக்குச் சந்தேகம். டிஸ்க் உட்காரும் அந்த முகம் இம்மியளவு சாய்ந்தாலும், அதன் மேல் பூட்டிய டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் இப்படியும் அப்படியும் ஆடும். நீ பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதே டிஸ்க்கின் ஒரே இடம் திரும்பத் திரும்ப, அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடில் உரசும். அந்த இடம் மட்டும் தேயும், அல்லது அங்கே மட்டும் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும். தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிட்ட பிறகு பிரேக் மிதித்தால், பேடின் பிடி இறுகி இறுகித் தளரும். அதுதான் உன் கைக்கு நடுக்கமாக வருகிறது. 0.015 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். தலைமுடி கூட அதைவிடப் பல மடங்கு தடிமன்.

நடுக்கம் தாமதமாக வந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கல்லில் ஏறிய அன்றே வந்திருந்தால் வேறு இடத்தில் தேடச் சொல்லியிருப்பேன். நீ தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறாய். அந்த ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வந்த கோளாறு இது என்று தோன்றுகிறது. காரணம் ஹப்பில் இருக்க, டிஸ்க்கை மட்டும் மாற்றினால் முதலில் வெண்ணெய் போல நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே நடுக்கம் திரும்பி வரும். அப்போது பேட் மட்டம், டிஸ்க் போலி என்று வேறு கதை சொல்வார்கள்.

பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் வீல்ஸ் இந்தியாவும் 1960களில் வந்தன. அவற்றைச் சுற்றி முளைத்த பட்டறைகளில் ஒன்றில் டிரம்மும் டிஸ்க்கும் கடைந்து உங்களை வளர்த்தவன் சொல்கிறேன்: அளக்காமல் யாரும் எதையும் மாற்றக் கூடாது.

அதற்கு முன் உன் உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் பார். இடது முன் டயரின் உள்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்க்கச் சொல். எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரை ஒட்டவோ பொறுத்துக்கொள்ளவோ கூடாது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் வெட்டு, ஏபிஎஸ் சென்சார் வயரில் சிராய்ப்பு, ரிம்மின் உள்விளிம்பில் நெளிவு இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவை தெரியும் வரை நெடுஞ்சாலைக்கு வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் போ.

பிறகு செலவில்லாத காரியம் ஒன்று. பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து நட்டுகளை முறுக்கியிருப்பார்கள். ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இறுகினாலே டிஸ்க் கோணும். எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிராக மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரும். உன் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

அப்படியும் நடுங்கினால் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கிலோ பால் ஜாயின்ட்டிலோ உள்ள தொளதொளப்பு தெரியும், இடவலமாக ஆட்டினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் உள்ளது தெரியும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு இழுபடும். ரப்பர் கிழிந்த புஷ் அதைத் தாங்காமல் ஆட விடும். பலர் டிஸ்க் என்று நினைத்துப் பணம் கொடுக்கும் நடுக்கங்களில் இதுவும் ஒன்று.

அடுத்தது டயல் கேஜ், நுண்ணிய ஆட்டத்தை ஊசியில் காட்டும் அளவுகோல். இங்கேதான் பக்கத்திலேயே நில். டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேய்க்க வேண்டும். ஒரு துருச் செதில் இடையில் மாட்டியிருந்தாலும் கணக்கு தப்பிவிடும். டிஸ்க்கைத் திரும்ப வைத்து நட்டுகளை முறையாக இறுக்கி, வெளி விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே கேஜின் முனையை நிறுத்தி, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். 0.05 மில்லிமீட்டர் வரை ஊசி ஆடினால் பெரும்பாலும் பயமில்லை, 0.1ஐத் தாண்டினால் கோளாறுதான், வாதமே இல்லை. இனி முக்கியமானது: ஊசி உச்சத்துக்குப் போகும் இடத்தில் டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்பீஸால் கோடு போடு. டிஸ்க்கைக் கழற்றி ஒரு நட்டு ஓட்டை தள்ளி மாட்டி, மறுபடி சுற்றச் சொல். உச்சம் டிஸ்க்கின் கோட்டோடு நகர்ந்தால் டிஸ்க்தான் குற்றவாளி, ஓசூர்க்காரர்கள் சொன்னது சரி. உச்சம் ஹப்பின் கோட்டிலேயே நின்றால் ஹப்பையும் பேரிங்கையும் மாற்றாமல் தீராது.

‘கேஜ் எதற்கு, கையை வைத்தாலே தெரியும்’ என்று யாராவது சொன்னால் வேறு கடையைப் பார்.

ஹப் என்று முடிவானால் எனக்குச் சொல். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவே வாங்கி அனுப்புகிறேன். புதுப்பேட்டையில் பழையது பாதி விலைக்குக் கிடைக்கும் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் சொல்வார்கள். கதவும் கண்ணாடியும் அங்கே வாங்கலாம், எந்த விபத்தில் சிக்கியது என்று தெரியாத ஹப்பை வாங்கக் கூடாது. பிரஸ்ஸில் வைத்துக் கழற்றிய பேரிங்கையும் திரும்பப் போடக் கூடாது.

டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்கச் சொல். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். லேத்தில் கடைந்த பிறகும் அதற்கு மேல் நிற்கும் என்றால் கடைந்துகொள்ளலாம், இல்லையென்றால் தாராளமாகப் புதிது போடு, இரண்டு பக்கமும் சேர்த்து. புதிய பேட் போட்ட முதல் சில நாள் சுளீரென்று மிதிக்காமல் பக்குவமாக ஓட்டு.

எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகங்களைக் கடையில் விட்டுவிடாதே. டிக்கியில் போட்டு எடுத்து வா, நான் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
பாடி, சென்னை