இரண்டு வாரம் முன்னால் தெரிந்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றுமா என்பதை ரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே கணிக்கலாம் என்று ஞாயிறு பதிப்பில் எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். காரணம் என் மகள்.

மூன்று வருடத்துக்கு முன் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சுங்கை சிப்புட்டிலிருந்து செம்பனை மரக்காட்டுக்குள் போக வேண்டும் எங்கள் தோட்டத்துக்கு. 31-ஆவது வாரம், செருப்பில் கால் நுழையவில்லை. "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும், பார்லி தண்ணி கொடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் காய்ச்சிக் கொடுத்தேன். கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) பிரஷர் பார்த்தார், 150/96. சிறுநீரில் நனைத்த பட்டை மஞ்சளிலிருந்து பச்சையாக மாறியதை நானே பார்த்தேன், சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தமாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இப்படியே நிற்கலாம், நாளைக்கே ஏறவும் செய்யலாம்" என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்லவில்லை, பிரஷரையும் சிறுநீரையும் வைத்து அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஒன்பதாம் நாள் ராத்திரி தலை பிளக்கிறது, கண்ணில் மின்னல் அடிக்கிறது என்றாள். வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் ஊசி போட்டு, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பேரன் இப்போது வீட்டையே இரண்டாக்குகிறான்.

நீங்கள் எழுதிய பரிசோதனை அந்த ஒன்பது நாளுக்கானதுதான். நஞ்சுக்கொடி கோளாறானால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும், இன்னொன்று இறங்கும். இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2023 மே மாதம் இதற்கு அனுமதி கிடைத்தது. விகிதம் 40 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு வாரத்துக்குள் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த அனுமதி எல்லாக் கர்ப்பிணிக்கும் அல்ல. ரத்தக்கொதிப்போடு ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருக்கும், 23 முதல் 35 வாரத்துக்குட்பட்ட பெண்களுக்குத்தான். இதைக் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். படித்துவிட்டு, மாதாமாதம் பிரஷர் பார்ப்பதை யாரும் விட்டுவிடக் கூடாதே!

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவளை வீட்டுக்கு அனுப்பினாலும் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவாள். தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படியா? மழை நாளில் மண்சாலையைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வரவே அரை மணி நேரம். யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை அங்கேயே வைத்துக் குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்று முன்னால் தெரிவது எங்களுக்குத்தான் முக்கியம். இந்தப் பரிசோதனை பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடக் கூடாது.

மகளுக்கு இப்போது மறுபடியும் நான்கு மாதம். முதல் தடவை அப்படி ஆனதால் ஆஸ்பிரின் ஆரம்பித்திருக்கிறார்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானே எடுத்துக் கொடுக்கிறேன். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் கட்டுரையை வெட்டி எடுத்துப் போகிறேன், மிஸ்ஸியிடம் காட்டுவதற்கு. என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா